ஐந்துக்கு ஒன்று

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு பள்ளிக்கூடத்தின் பெற்றோர் மலருக்காக ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். 'அதிபுத்திசாலிக் குழந்தைகளின் மனத்திடத்தை வளர்ப்பது எப்படி?' பத்துக் குறிப்புகள் போதும், சுருக்கமாக இருக்கட்டும், சிரிக்கிற பிள்ளைகளின் படம் ஒன்றை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். எனக்குப் பிள்ளையும் கிடையாது, அதிபுத்தியும் கிடையாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் குறிப்பு சுலபமாக வந்தது. 'அறிவைப் புகழாதீர்கள், முயற்சியைப் புகழுங்கள்.' எல்லோரும் சொல்வதைத் திருப்பிச் சொல்வதில் ஒரு சௌகரியம், யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். கீழே ஓர் உதாரணம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஓர் அப்பாவையும் மகளையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். அப்பாவின் வாயில், "நல்லா முயற்சி பண்ணிருக்கேம்மா" என்று ஒரு வாக்கியத்தை வைத்தேன். மகள் சந்தோஷமாகத் தலையாட்டுவாள், அத்தோடு அடுத்த குறிப்புக்குப் போகலாம் என்பது என் திட்டம். அவள் தலையாட்டவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அப்போ நான் இப்ப புத்திசாலி இல்லையா?"

இதை நான் எழுதவில்லை. [விரல் என்னுடையதுதான். ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.] அன்று முழுக்க அந்தக் கேள்வியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மலர் என் பக்கம் இல்லாமலேயே அச்சாகி வெளிவந்துவிட்டது. யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

2

கேள்வி கேட்டவளுக்கு ஒரு வீடு வேண்டும், கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும்.

'அவள் பிறந்தபோதே நட்சத்திரங்கள்' — வேண்டாம். நட்சத்திரங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

'மேதைமை என்பது ஒரு வரமா சாபமா என்று' — இதை எழுதியவனை நானே அடிப்பேன்.

'லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருத்திக்கும் ஒரே மகள்.' இது இருக்கட்டும்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பிசியோ' என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மகளுக்கு வயது பன்னிரண்டு. மற்ற வீடுகளில் குட்டி, பாப்பா என்று கொஞ்சுவார்கள். இந்த வீட்டில் அவளுக்குச் செல்லப்பெயர் 'நூறு'. முதல் வகுப்பிலிருந்தே கணக்குப் பரீட்சை முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போகும். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் கிரீஸ் கையோடு நின்றபடி "எத்தன?" என்பார். "நூறு" என்பாள். அதுவே பெயராகிவிட்டது. அம்மாவின் பங்கு வேறு. யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், "அவளுக்கு வராததுன்னு ஒண்ணு இருக்கா என்ன?" என்று சிரிப்பாள். பெற்றவளுக்கு அந்தச் சிரிப்பில் ஒரு நிறைவு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இங்கே குஞ்சு நிஜமாகவே பொன்னாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

பள்ளி முடிந்ததும் நூறு ஒரு தனி கணக்கு வகுப்புக்குப் போவாள். பல பள்ளிகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த சில பிள்ளைகள். அங்கேதான் அவளுக்கு முதன்முதலாகத் துணை கிடைத்தது. மற்ற இடங்களில் பகா எண்ணைப் பற்றி அவள் ஒரு ஜோக் சொன்னால் அவளேதான் சிரித்துக்கொள்ள வேண்டும். இந்த வகுப்பில் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வரும்போது மாடிப்படியில் கேட்கிற காலடிச் சத்தமே வேறு மாதிரி இருக்கும் என்று பிசியோவுக்குத் தெரியும்.

3

இனி விபத்து. (கதைக்கு ஒரு விபத்து தேவை. வண்டி மோதவில்லை, யாரும் விழவில்லை. இருந்தாலும் விபத்துதான்.)

அந்த வகுப்பின் பருவத்தேர்வில் ஒரு கேள்வி. ஓர் அறையின் தரை, ஆறுக்கு ஆறு கட்டம். நம் கையில் இருப்பது நீள டைல்கள். ஒவ்வொன்றும் வரிசையாக நான்கு கட்டத்தை மூடும். டைலை உடைக்கக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, இடைவெளி விடக்கூடாது. தரையை முழுக்க மூட முடியுமா? முடியுமென்றால் மூடிக் காட்டு. முடியாதென்றால் ஏனென்று சொல்.

நூறு வரைந்தாள். ஓரமாகச் சுற்றி அழகாக அடுக்கிக்கொண்டு வந்தால் நட்டநடுவில் நான்கு கட்டம் மிஞ்சியது, இரண்டுக்கு இரண்டாக. மிச்சமிருந்த டைலும் நான்கு கட்டம், இடமும் நான்கு கட்டம்; ஆனால் நீளமான டைல் அந்தச் சதுரப் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்றது. அழித்தாள். வேறு மாதிரி அடுக்கினாள். பள்ளம் மூலைக்குப் போனது. அழித்தாள். தாள் நைந்துபோகும்வரை அழித்தாள். பிறகு புதுத்தாள் ஒன்று வாங்கி, தன் பெயரை மட்டும் எழுதி, வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.*

* மற்ற கேள்விகளுக்கெல்லாம் அவள் எழுதிய விடை சரி. அந்தத் தாளையும் சேர்த்தே கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் எழுதியவர்களிலேயே இவ்வளவு பிடிவாதக்காரி வேறு யாருமில்லை. வெறுந்தாளில் ஒன்று மட்டும் இருக்காது: தப்பு.

மறுநாள், இனி வரமாட்டேன் என்று வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பிசியோவுக்குப் போன் செய்தாள். இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் உண்டு, திங்கட்கிழமைவரை பிடித்து வைக்கிறேன் என்றாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரியோ தப்போ ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால் போதுமாம். தாள் மட்டும் வெறுமையாக இருக்கக்கூடாதாம்.

அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் தனக்கு மிகப் பிடித்த ஒன்றை, அதில் தப்பு செய்கிறவளாகத் தெரிவதைவிட, முழுசாக விட்டுவிடத் தயாராகிவிட்டாள் ஒரு பன்னிரண்டு வயதுக்காரி. திங்கட்கிழமை போனால் போனதுதான்.

4

லிஃப்ட்காரர் சும்மா இருக்கவில்லை. என் முதல் குறிப்பு அவர் கைக்குப் போய்விட்டது. [நான்தான் கொடுத்தேன். அச்சாகாத குறிப்பு வீணாகக் கூடாதே.] எதையும் கையேட்டைப் பார்த்துச் செய்து பழகியவர். அன்றிலிருந்து வீட்டில் முயற்சி மழை. தட்டைக் கழுவினால், நல்ல முயற்சி. ஷூ லேஸ் கட்டினால், நல்ல முயற்சி. தும்மினால்கூடச் சொல்லியிருப்பார். கூடவே இன்னொன்றும் செய்தார்: 'நூறு' என்று கூப்பிடுவதை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். எண்ணைச் சொல்லிப் புகழக்கூடாது என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கு வராமல் போகிறது. அந்த வாரமே அப்பா பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். அவள் என்னதான் நினைப்பாள்? 'நான் இப்ப புத்திசாலி இல்லையா' என்ற அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டது அப்போதுதான். லிஃப்ட்காரர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவளே தொடர்ந்து சொன்னாள்:

"பாட்டு வராத பிள்ளைங்களுக்குத்தான் மேடையில அப்படிச் சொல்வாங்கப்பா. நல்ல முயற்சின்னு. கைதட்டச் சொல்வாங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவர் எழுந்து போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் ரெகுலேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கும் அந்த நேரத்தில் கழற்ற ஏதாவது கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

5

சனிக்கிழமை. லிஃப்ட்காரருக்கு அவசர அழைப்பு. எங்கோ இரண்டு மாடிக்கு நடுவே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் பிசியோ மகளைக் கூடவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். [வசதியான தற்செயல்தான். ஒத்துக்கொள்கிறேன். வேறு எப்படி அவளை அங்கே கொண்டுபோவது?]

பிசியோவின் கூடம் தரைத்தளத்தில் இருக்கிறது. சுவர் முழுக்கக் கண்ணாடி. பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு நீளக் கம்பிகள். மரத்தில் செய்த படிக்கட்டு ஒன்று, மூன்று படி ஏறும், மூன்று படி இறங்கும், எந்த மாடிக்கும் போகாது. நூறு அந்தப் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் படிப்பதாகப் பாவனை செய்தாள்.

கிரேன்காரர் வந்தார். கட்டடம் கட்டுகிற இடங்களில் ஆகாயத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலதுகால் அசையாமல் போயிற்று. பிசியோ ஒவ்வொரு முறையும் செய்வதையே அன்றும் செய்தாள்: அவர் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பை ஒட்டி இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, "பாதத்த உங்க பக்கம் இழுங்கண்ணா" என்றாள். அவர் இழுத்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, இடதுகால்கூட ஆடியது. வலதுபாதம் மட்டும் யாருக்கோ சொல்கிறார்கள் என்பதுபோலக் கிடந்தது.

"வராது டாக்டரம்மா."

டாக்டரம்மா என்று அழைக்காதீர்கள் என்று சொல்லி அலுத்துவிட்டதால் அதை விட்டுவிட்டாள். மற்றதை விடவில்லை. "வராதுன்னு சொல்லாதீங்க. வரலன்னு சொல்லுங்க. இங்க அதுதான் சட்டம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வரலன்னா இன்னிக்கு வரல. அவ்வளவுதான். மறுபடி இழுங்க."

படிக்கட்டின் உச்சியில் புத்தகத்தின் பக்கம் திரும்பவில்லை.

மறுபடி இழுத்தார். மறுபடி. பிசியோ பேச்சை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய முழு உடம்பும் அந்த இரண்டு விரல் நுனிக்குப் போய்விட்டதுபோல இருந்தது. பாதம் அசையவில்லை. கண்ணால் பார்க்க எதுவுமே இல்லை. ஆனால் அவள் விரலுக்கடியில், தோலுக்குக் கீழே, ஒரு துடிப்பு. வந்தது, போயிற்று.

இந்த இடத்தை எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். 'விளக்கு ஏற்றியதுபோல' என்று எழுதினேன், அடித்தேன். 'விதை முளைவிட்டதுபோல' என்று எழுதினேன், வெட்கமாக இருந்தது. எதைப் போலவும் இல்லை அது. மாதக்கணக்கில் ஒரு மனிதர் தன் காலுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அன்று அது கேட்டுவிட்டது. இதை எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது, கற்பனைக் கால்தானே என்று மனசைத் தேற்றிப் பார்த்தாலும் அடங்கவில்லை.

"வந்துருச்சு," என்றாள் பிசியோ. திரும்பி மகளைக் கூப்பிட்டாள். கிரேன்காரர், தொட்டுப் பாரும்மா என்று தலையசைத்தார். நூறு இறங்கி வந்து விரல் வைத்தாள். அவர் இழுத்தார். அவள் கண்கள் மெல்ல அகலமாயின. கையை எடுக்கவேயில்லை.

"இதுக்கு எத்தன மார்க்கும்மா?" கேட்காமல் இருப்பாளா?

தசைக்கும் மார்க் உண்டு என்று பிசியோ சொன்னாள். துடிப்பே இல்லையென்றால் பூஜ்யம். நல்ல காலுக்கு ஐந்து.

"இது ஒண்ணு."

"அஞ்சுக்கு ஒண்ணா?" நூறு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அஞ்சுக்கு ஒண்ணு வாங்கிய தாளுக்கு இப்படிக் கண்கலங்கிச் சிரிக்கிற முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவள் கொண்டுவந்த எந்த நூறுக்கும் அம்மா இப்படிச் சிரித்ததில்லை.

6

இங்கே கிரேன்காரர் ஒரு பொன்மொழி சொல்வதாக இருந்தது. 'உயரத்திலிருந்து பார்த்தவனுக்குத்தான் தரையின் அருமை' — என்று தொடங்கியது. அவர் சொல்ல மறுத்துவிட்டார். சொன்னது இது:

"ஒண்ண வச்சுக்கிட்டு நான் கிரேன் ஏற முடியுமா?"

"இப்ப முடியாது," என்றாள் பிசியோ.

நூறு விடவில்லை. இது ஐந்துவரை போகுமா என்று கேட்டாள். சிலருக்குப் போகும், சிலருக்கு மூன்றில் நின்றுவிடும், இவருக்கு எப்படியென்று இப்போது சொல்ல முடியாது என்று பிசியோ அவர் முன்னாலேயே சொன்னாள். பொய்யான நம்பிக்கை கொடுக்கிற வழக்கம் அந்தக் கூடத்தில் இல்லை. அப்படியென்றால் எதற்காக இழுக்க வேண்டும் என்று நூறு கேட்டாள். பிசியோ அவர் பாதத்தை நேராக்கி வைத்தாள். எழுதாமல் விட்ட ஒன்பது குறிப்பில் எதிலாவது பதில் மாட்டுமா என்று நான் தேடிப் பார்த்தேன். கிரேன்காரர் அம்மாவையும் மகளையும் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்தார்.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? விரல வைம்மா," என்றார்.

வைத்தாள். அவர் இழுத்தார்.

7

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நூறு வெளியே பார்க்கவில்லை. மடியில் பையை அணைத்துக்கொண்டு முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிசியோவுக்கு உள்ளூரச் சந்தோஷம். மகள் பார்த்துவிட்டாள், புரிந்திருக்கும், இனி தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். கதையை இங்கே ஒரு புன்னகையோடு முடித்துவிடலாம் என்றுகூட இருந்தேன்.

"அம்மா."

"ம்."

"அவருகிட்ட வரலன்னு சொல்லுங்கன்னு சொல்றே. என்னப் பத்தி மட்டும் எல்லாருகிட்டயும் என்ன சொல்றே?"

பிசியோவுக்கு உடனே விளங்கவில்லை.

"அவளுக்கு வராததுன்னு ஒண்ணு இருக்கான்னு சொல்றே. நான் பக்கத்துல நிக்கும்போதே சொல்றே. அப்ப எனக்கு ஒண்ணு வரலன்னா, நான் யாரும்மா?"

பஸ் நின்றது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். பிசியோ மகள் பக்கம் திரும்பினாள். ஊரார் காலுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொல் தேர்ந்தெடுத்தவள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். அதையும் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வலியோடு வலியாக இன்னொன்றும் இருந்தது, சொன்னால் விசித்திரமாக இருக்கும்: வியப்பு. ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் தனியாக நடந்து வந்திருக்கிறாளே இந்தப் பிள்ளை என்று அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிசியோவுக்கு இங்கே ஒரு நல்ல பதில் எழுதித் தர நான் எவ்வளவோ முயன்றேன். 'நீ எப்போதும் என்' — இல்லை. 'மதிப்பெண் என்பது வெறும்' — இல்லை. அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"தெரியலடா," என்றாள். "தப்பாச் சொல்லிட்டேன் இத்தன நாளா."

நூறு தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

8

முடிவுகள் கைவசம் உண்டு. வாசகருக்குக் குறை வைக்கக்கூடாது.

அ. ஞாயிற்றுக்கிழமை நூறு கணக்கைக் கண்டுபிடித்துவிடுகிறாள். திங்களன்று வகுப்பே எழுந்து நிற்கிறது. பெற்றோர் மலர் மகிழ்ச்சியோடு வெளியிடும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் அவள் மறுபடியும் வெறும் நூறுதான். கதை தொடங்கிய இடத்துக்கே போய்விடும்.

ஆ. அவள் வகுப்பை விட்டுவிடுகிறாள். வருடங்கள் கழித்து — இதை முடிக்க எனக்கு மனசில்லை.

இ. கிரேன்காரர் கிரேன் ஏறுகிறார், அதைப் பார்த்து அவள் — அவர் கேட்டால் என்னைக் கீழே போட்டுவிடுவார்.

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசை துடைத்தாயிற்று. நூறு கட்டம்போட்ட தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. பிசியோ சமையலறை வாசலில் கையில் ஈரத்துணியோடு நின்றாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. லிஃப்ட்காரர் பால்கனியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப உதறினார்.

நூறு ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்தாள். சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்கினாள். எண்ணினாள். கறுப்பு பதினெட்டு, வெள்ளை பதினெட்டு. எந்த டைலை எங்கே வைத்தாலும் அது இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். அதை எழுதினாள். கணக்கு இழுபறி இல்லாமல் பொருந்துகிறது. அடுத்த வரியில் 'ஆகவே' என்று எழுதி நிறுத்தினாள். அப்புறம் எழுதினாள்: 'ஆகவே நிரப்பலாம்.'

தரையை நிரப்ப முடியுமா முடியாதா என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த 'ஆகவே' அங்கே நிற்காது. எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் தரை நிரம்பிவிடாது. எனக்குத் தெரியும். வேறு எப்படி வண்ணம் தீட்டிப் பார்க்கலாம் என்பதும் தெரியும். நான்தானே எழுதுகிறேன், ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அவள் கை தானாகச் சரியாக எழுதிவிடும். என் விரல் இரண்டு தடவை விசைப்பலகைக்குப் போயிற்று. எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நூறு தான் எழுதிய வரியை நம்பி டைல்களை அடுக்க ஆரம்பித்தாள். ஓரமாக ஒன்று, அடுத்து ஒன்று. சுற்றி வந்தாள். நடுவில் நான்கு கட்டம் மிஞ்சியது. அவள் தோள்கள் இறுகுவதை வாசலிலிருந்தே பிசியோ பார்த்தாள். அந்தத் தாள் கசங்கப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பால்கனியில் சட்டை உதறுகிற சத்தம் நின்றது.

நூறு அந்த நான்கு கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். 'ஆகவே'யைப் பார்த்தாள். பிறகு தாளை மேசையின் நடுவுக்கு, யார் வந்தாலும் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

"அம்மா, இங்க தப்பா இருக்கு. எங்கன்னு தெரியல. வந்து பாரேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவள் யாருக்கும் காட்டிய முதல் தப்பு அது. எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல என்னிடம் தமிழ் போதவில்லை.

பிசியோவுக்கு அந்தக் கணக்கு சுத்தமாகத் தெரியாது. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க, முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். லிஃப்ட்காரரும் வந்துவிட்டார். மேசையில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. திங்கட்கிழமையை எழுதாமல் நான் எழுந்துகொள்கிறேன்; நீங்கள் வந்து உட்காருங்கள். வேண்டுமென்றால் நீங்களும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் மட்டும், தயவுசெய்து, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.